பதினொரு வட்டி அமுதம்

நெரவிக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கிராமத்தில் அமுதத்தை இப்போது யாரும் வெறும் அமுதம் என்று சொல்வதில்லை. பெயருக்கு முன்னால் 'பதினொரு வட்டி' சேர்ந்துவிட்டது. பட்டம் கொடுத்தவர் டீக்கடைக் கருப்பையன். கேலிக்குத்தான் கொடுத்தார். அவள் கோபித்துக்கொள்வாள், கடைப்பக்கம் வரமாட்டாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவளோ மறுநாளே கடை வாசலில் நின்று, "பதினொரு வட்டிக்கு ஒரு டீ போடு, சக்கரை கம்மியா" என்றாள்.

அந்த ஊரில் பதினொரு வட்டி என்றால் என்ன அர்த்தம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் கொடுத்தால் அது ஒரு வட்டி. சொந்தக்காரர்களுக்குள் ஒன்றரை, வெளியாளிடம் இரண்டு, நடவு நேரத்து அவசரத்துக்கு மூன்று. ஐந்து வட்டிக்கு வாங்கியவனைப் பார்த்தால் ஊரார் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பதினொரு வட்டிக்கு ஒருத்தி கடன் வாங்கினாள் என்றால், ஒன்று அவளுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும், இல்லை வீட்டில் யாரோ சாகக் கிடக்க வேண்டும். அமுதத்துக்கு இரண்டும் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

வீடு அவள் மாமனார் கட்டியது. கட்டியபோது தெருவை விட ஒரு முழம் உயரமாக இருந்ததாம். பிறகு ரோடு போட்டார்கள். சில வருடம் கழித்துப் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டார்கள். அதற்கு மேல் இன்னொன்று. ரோடு ஏற ஏற வீடு இறங்கியது. சுரக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது படியேறி உள்ளே போனவள், இப்போது தெருவிலிருந்து படியிறங்கி வீட்டுக்குள் போனாள். ஐப்பசி பிறந்தால் தெருத் தண்ணீரும் சாக்கடையும் அவளுக்கு முன்னால் இறங்கிவிடும். அரிசி மூட்டை கட்டில் மேல், கட்டில் செங்கல் மேல். மகள் ஓவியா பிரசவத்துக்கு வந்திருந்த வருடம், பச்சைப்பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, தூளிக்குக் கீழே கணுக்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஆட்டினார்கள். பிள்ளைக்கு மார்ச்சளி கட்டியது. அதன் பிறகு எந்த மழைக்காலத்திலும் ஓவியா வரவில்லை. வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. மாமியார் வீட்டில் சொன்னார்கள்.

அமுதம் பள்ளிக்கூடத்து மதிய உணவுக் கூடத்தில் வேலை செய்கிறாள். பல வருடம் தினக்கூலி, அப்புறம் நிரந்தரம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு வடித்த கை. அதனால் அவளை நல்ல மனசுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். சின்னப் பேச்சையும் மறக்கமாட்டாள். பஸ்ஸில் இரண்டு ரூபாய் சில்லறைக்குக் கண்டக்டரிடம் காரைக்கால் வரைக்கும் வாதாடியவள். புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், தெரிந்தும் விட்டுக்கொடுப்பாள்.

புருஷன் தங்கப்பன் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். ஆற்றில் தண்ணீர் வந்தால் சரி என்பார். வராவிட்டாலும் சரி என்பார்.

"ஜாக்கி போட்டு வீட்டைத் தூக்கிடலாம்" என்று சொன்னவர் காத்தமுத்து. கொத்தனாராக இருந்து வீடு தூக்கும் வேலைக்கு மாறியவர். வீட்டைச் சுற்றி நடந்து, சுவரைத் தட்டி, கடைக்காலைத் தோண்டிப் பார்த்தார். "நல்ல கட்டுமானம். மூணரை அடி தூக்கிட்டு, அடியில மண்ணு ரொப்பித் தரை போட்டுடலாம். எல்லாஞ் சேத்து மூணு லட்சம் ஆவும். ஆவணி கடைசியில ஆரம்பிச்சாத்தான் மழைக்கு முன்னாடி முடியும். அதுக்கு மேல போனா நான் வரமாட்டேன், ஈரத்துல ஜாக்கி நிக்காது."

அமுதத்திடம் மூன்று லட்சம் இல்லை. முப்பதாயிரம்கூட இல்லை. ஓவியா கல்யாணத்தோடு எல்லாம் போயிருந்தது.

செய்தி காற்றில் போய் அவள் கொழுந்தன் கார்த்திகேசன் காதில் விழுந்தது. காரைக்காலில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆப்பிளும் ஆரஞ்சுமாக ஒரு பையோடு வந்தான்.

"அண்ணி, நா இருக்கும்போது நீங்க ஏன் வெளில கை நீட்டணும்? மூணு லட்சம் நா தர்றேன். வட்டி வேண்டாம். ஒரு பைசா வேண்டாம்."

தங்கப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, தம்பின்னா தம்பி" என்றார்.

"சும்மா ஒரு பேப்பர் மட்டும் போட்டுக்குவோம்" என்றான் கார்த்திகேசன். "மூணு வருஷத்துல திருப்பி முடியலைன்னா முன்பக்கத்து பாகம் எனக்குன்னு. ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். நா என்ன அதைக் கேக்கவா போறேன்?"

அப்பா இறந்தபோது அண்ணன் தம்பி இருவரும் வாய்வார்த்தையாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தெருப்பக்கத்து வீடு அண்ணனுக்கு, பின்னால் உள்ள கொல்லை தம்பிக்கு. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருந்தது. ரோடு அகலமான பிறகு தெருப்பக்கம் சிமெண்டுக் கிடங்குக்கு லாயக்கான இடமாகிவிட்டது என்பதை அமுதம் கவனித்திருந்தாள். கார்த்திகேசன் கவனித்திருக்கமாட்டான் என்று நினைக்க அவளால் முடியவில்லை.

"கேக்கமாட்டீங்கன்னா எதுக்குத் தம்பி எழுதணும்?" என்றாள். "எழுதினா கேப்பீங்க. இந்தாங்க, பழத்தைக் கொண்டு போங்க. அவுருக்குச் சக்கரை."

கடனுக்கு விலை வட்டி மட்டும்தான் என்று நினைப்பது, கல்யாணத்துக்குச் செலவு சாப்பாடு மட்டும்தான் என்று நினைப்பதைப் போல. வட்டியே இல்லாத கடன்தான் அவள் பார்த்ததிலேயே விலை கூடியது. ஆனால் அதற்கு இணையான இன்னும் சில அவளைத் தேடி வந்தன.

கருப்பையன், பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து வைத்து மொய் வாங்கச் சொன்னார். பந்தல் போட்டு ஊரைக் கூப்பிட்டால் இரண்டு லட்சம் தேறும், வட்டியும் கிடையாது. "வட்டி கெடையாதா?" என்றாள் அமுதம். "ஒவ்வொருத்தன் வூட்டு விசேஷத்துக்கும் போட்டதுக்கு மேல சேத்துப் போட்டுக்கிட்டே இருக்கணும். நா செத்தா எம் மவ போடணும். இதுக்கு அஞ்சு வட்டி தேவலாம், சாவறதுக்குள்ள முடிஞ்சிடும்."

தங்கப்பனுக்கு இன்னொன்று தோன்றியது. ஓவியாவின் நகையை வாங்கி அடகு வைக்கலாம். நகைக்கடன்தான் இருப்பதில் குறைந்த வட்டி. அது உண்மையும்கூட. அமுதம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குடுத்தது குடுத்ததுதான். அவ கழுத்துலேருந்து கழட்டினா, வட்டியை அவ மாமியா வாயால வாங்கணும்."

"அப்ப எதைத்தான் வாங்கலாங்கற?"

"தெரியல. தேடறேன்."

தேடுவதற்குள் தங்கப்பன் ஒரு காரியம் செய்துவிட்டார். நெடுங்காட்டுக்கு உரம் வாங்கப் போன இடத்தில் ஹரிஹரன் என்பவனைப் பார்த்திருக்கிறார். ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் ஆள். மூன்று லட்சம், ஐந்து வருடம், ஒரே ஒரு வட்டி. ஆதார் கார்டும் ஐயாயிரம் ரூபாய் ஃபைல் சார்ஜும் கொடுத்தால் ஒரு வாரத்தில் பணம். உரத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஒரு வட்டி, அமுதம்! இந்தக் காலத்துல யாரு குடுப்பா? மாசம் எட்டாயிரம் கட்டினாப் போதும்."

அமுதம் அவருக்குச் சோற்றைப் போட்டாள். கையெழுத்துப் போட்டதில் அவளுக்குக் கோபம். கேட்காமல் போட்டதில் இன்னும் கோபம். ஆனால் ஒரு வட்டி என்பது அவள் காதுக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. அவளும் அந்த ஊர்க்காரிதானே.

மறுநாள் சம்பளக் கணக்கு இருக்கும் பேங்குக்குப் போனாள். அங்கே கடன் பிரிவில் இருந்த அதிகாரியின் பெயர் கல்யாணசுந்தரி. வீடு பழுதுபார்க்க என்று தனியாக ஒரு கடன் இருக்கிறது, ஒன்பது சதவீதம், ஆனால் பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்றார்.

"பட்டா மாமனாரு பேர்ல இருக்கு, மேடம்."

"உங்க வீட்டுக்காரர் கூடப் பொறந்தவங்க?"

"ஒரு கொழுந்தன்."

"அப்ப அவர் கையெழுத்து வேணும். இல்லன்னா உங்க சம்பளத்து மேல தரலாம். அது பதினொண்ணு. ஆபீஸ்லேருந்து ஒரு லெட்டர் போதும்."

"பதினொரு வட்டியா?" என்று அமுதம் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மேடம், வெளில ஒரு வட்டிக்குத் தர்றான். நீங்க கவர்மெண்டு பேங்கு!"

கல்யாணசுந்தரி சிரிக்கவில்லை. இந்தச் சத்தத்தை அவர் அந்த நாற்காலியில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். "அது மாசத்துக்கு. இது வருஷத்துக்கு. உங்க கணக்குல இது ஒரு வட்டிக்கும் கீழ" என்றார். பிறகு, "இன்னொண்ணு. நீங்க அசலைக் கட்டிக் குறைக்கக் குறைக்க இங்க வட்டியும் குறையும். அங்க குறையுமான்னு கேளுங்க. மாசத் தவணை எவ்வளவு சொன்னாங்க?"

"எட்டாயிரம். அஞ்சு வருஷம்."

அவர் கணினியில் தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினார். பதினொரு சதவீதத்துக்கு அதே மூன்று லட்சம், அதே ஐந்து வருடம்: மாதம் ஆறாயிரத்து ஐந்நூற்று இருபத்து மூன்று.

ஒன்று என்ற சின்ன எண்ணுக்கு எட்டாயிரம். பதினொன்று என்ற பெரிய எண்ணுக்கு ஆறரை. அமுதம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணைப் பார்த்துப் பயந்து எண்ணைப் பார்த்தே மயங்குகிற ஒரு ஊரில் இத்தனை காலம் தானும் இருந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"அந்த ஒம்போதுக்கு எவ்ளோ வரும், மேடம்?"

"ஆறாயிரத்து இருநூத்திச் சொச்சம். மாசம் முன்னூறு ரூபா மிச்சமாகும். கொழுந்தனார்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்களேன், பாவம், எதுக்கு வீணா?"

"வீணில்ல மேடம்" என்றாள் அமுதம். "அந்த முன்னூறு, அவன் வாசப்படிய நான் ஏறாம இருக்கறதுக்குக் குடுக்கற கூலி. கொள்ளை மலிவு. பதினொண்ணையே போடுங்க."

அங்கிருந்து நேரே ஹரிஹரனின் அலுவலகத்துக்குப் போனாள். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. "வாங்கக்கா, உக்காருங்க. பணம் ரெடியாயிட்டிருக்கு."

"தம்பி, ரெண்டரை வருஷத்துல பாதி அசலைக் கட்டிடறேன்னு வச்சுக்க. அப்புறம் வட்டி மூணு லட்சத்துக்கா, ஒண்ணரைக்கா?"

"அது... மூணுக்குத்தாங்க்கா. எல்லா எடத்துலயும் அப்படித்தான்."

"எங்க ஊர்ல பத்து மூட்ட நெல்லு கடன் வாங்கி அஞ்சு மூட்டைய அளந்துட்டா, மீதி அஞ்சுக்குத்தான் பேச்சு. வந்து சேந்த நெல்லுக்கும் வட்டி கேட்டா மரக்காலாலயே அடிப்பாங்க."

"இது ஃபைனான்ஸ்க்கா. நெல்லு இல்ல."

"நெல்லு வித்த காசுல குடுத்த ஐயாயிரம் மட்டும் நெல்லு இல்லயா? குடு அதை."

அதைக் கொடுக்க முடியாது என்றான். கையெழுத்துப் போட்ட தாளில் அப்படித்தான் இருந்தது. அமுதம் அங்கே போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. ஆனால் ஐயாயிரம் திரும்பவில்லை. இன்று வரைக்கும் திரும்பவில்லை. சத்தம் போடுகிறவர்களுக்கெல்லாம் நியாயம் கிடைத்துவிடுவதில்லை. அவளுக்குக் கிடைத்தது தங்கப்பனின் ஆதார் நகலும் ரத்து செய்த விண்ணப்பமும்தான். கருப்பையன் கடை வாசலில் தங்கப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாளை அவர் முன்னால் வைத்து, "ஐயாயிரத்துக்கு வாங்கின தாளு. மடிச்சு பத்திரமா வச்சுக்குங்க" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். தங்கப்பன் டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனார். அதை அவள் செய்திருக்க வேண்டியதில்லை.

"அப்ப பணத்துக்கு?" என்றார் கருப்பையன்.

"பேங்க்ல வாங்கறேன். பதினொண்ணு."

"ஒரு வட்டிய வேணாம்னுட்டு பதினொரு வட்டிக்கா!"

அவள் விளக்கினாள். மாதம், வருடம், எட்டாயிரம், ஆறரை என்று சொல்லிப் பார்த்தாள். கருப்பையனுக்குக் கேட்க நேரமில்லை. பட்டம் வாயில் வந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது.

ஆவணிக் கடைசியில் காத்தமுத்து ஆட்களோடு வந்தார். சுவரடியைத் துண்டு துண்டாக உடைத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கிகளை நிறுத்தினார்கள். தூக்கும் நாளன்று தெருவே கூடியிருந்தது. விசில் ஊதினால் எல்லோரும் ஒரே நேரத்தில் கம்பியைத் திருப்ப வேண்டும், இரண்டு நூல், அதாவது கால் அங்குலம்தான் ஏற வேண்டும், ஒருவன் பிந்தினாலும் சுவர் விரிந்துவிடும் என்று காத்தமுத்து சொல்லிக்கொண்டிருந்தபோது கார்த்திகேசனின் கார் வந்து நின்றது.

"நிறுத்துங்க. பட்டா எங்கப்பா பேர்ல இருக்கு. என் கையெழுத்து இல்லாம ஒரு செங்கல்லைத் தொடக்கூடாது."

காத்தமுத்து விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "யக்கா, பங்காளிப் பிரச்சினைன்னா நா வரலை. எங்க ஆட்கள் பொழப்பு இது."

அமுதம் வீட்டுக்குள் இருந்தாள். வெளியே வந்துவிடுங்கள் என்று காலையிலிருந்து சொல்லிப் பார்த்தும், அடுப்பில் உலை வைத்துவிட்டேன், தூக்கும்போது அடுப்பு எரிய வேண்டும் என்று உள்ளேயே நின்றாள். சாங்கியம் ஒன்றும் இல்லை. அவளே அந்த நிமிடத்தில் உண்டாக்கிக்கொண்ட சாங்கியம். இப்போது அடுப்படி ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

"வாங்க தம்பி. நிறுத்தணும்னா உள்ள வந்து நின்னு நிறுத்துங்க. எத்தன ஐப்பசி இங்க தண்ணியில நின்னோம், அப்பல்லாம் உங்கப்பா பேர்ல பட்டா இருந்தது ஞாபகம் வரலியா?"

"அண்ணி, நா கோர்ட்டுக்குப் போவேன்."

"போங்க. அப்படியே பாகத்தையும் பிரிச்சுத் தரச் சொல்லுங்க. எனக்கு வக்கீல் செலவு மிச்சம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கார்த்திகேசன் முகம் சிவந்து அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீயாவது சொல்லு. எல்லாத்துக்கும் சரின்னுட்டு நிக்கற."

தங்கப்பன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். டீக்கடையில் நடந்ததற்குப் பிறகு அவர் அமுதத்தோடு சரியாகப் பேசவில்லை. அவர் சொல்கிற ஒரு சொல்லில் வேலை நின்றுவிடும். காத்தமுத்துவும் அவரைத்தான் பார்த்தார். ஜன்னலில் அமுதமும் பார்த்தாள்.

மூலையில் ஒரு ஜாக்கிக்கு ஆள் இல்லை. அன்று வர வேண்டியவன் வரவில்லை. தங்கப்பன் மெதுவாக நடந்து போய் அதனருகில் குந்தினார். கம்பியைச் செருகினார்.

"கார்த்தி, தள்ளி நில்லு" என்றார். "வெளிச்சத்த மறைக்கற." பிறகு காத்தமுத்துவைப் பார்த்து, "ஊதுங்க" என்றார்.

விசில் ஊதியது. வீடு ஒரு முனகல் முனகியது. சுவரோரம் பழைய சுண்ணாம்பு உதிர்ந்தது. இரண்டு நூல். கண்ணுக்குத் தெரியாத உயரம்தான். ஆனால் உள்ளே உலைப் பானையில் தண்ணீர் ஒரு தடவை அலம்பி நின்றதை அமுதம் பார்த்தாள். கார்த்திகேசன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். நாலைந்து விசிலுக்குப் பிறகு காரை எடுத்துக்கொண்டு போனான். கோர்ட்டுக்குப் போவான் போலத்தான் இருக்கிறது, இன்னும் போகவில்லை. அண்ணன் தம்பிக்குள் இப்போது பேச்சு இல்லை. அதுவும் அந்தக் கடனின் விலையில் சேர்ந்ததுதான். பேங்குக் கணினியில் அது வராது.

அன்று அந்தச் சோற்றை அமுதம் ஆட்களுக்கெல்லாம் போட்டாள். தங்கப்பன் இலையில் முதலில் போட்டாள். "உப்பு கூட" என்றார் அவர். "தூக்கினப்ப கை ஆடிடுச்சு" என்றாள்.

சம்பளத்தில் மாதாமாதம் ஆறாயிரத்து ஐந்நூற்று இருபத்து மூன்று பிடித்துவிடுகிறார்கள். மீதியில் இழுத்துப் பறித்துத்தான் ஓடுகிறது. இரண்டு பேரும் சாயங்கால டீயை விட்டுவிட்டார்கள். புதுத் தரைக்கு டைல்ஸ் இல்லை, சிமெண்டுப் பால்தான். சிமெண்டு கார்த்திகேசன் கடையில் வாங்கவில்லை. மூட்டைக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்து வேறு கடையில் வாங்கினாள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் மழை கொஞ்சம் விட்டபோது, கருப்பையன் கடைக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் அமுதம் புதுப் படியின் உச்சியில் உட்கார்ந்து, ஓவியாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பஸ்ஸு ஓடுது, நாளைக்கே வா. ஆமா, மழையிலதான் வரச் சொல்றேன். புள்ளயத் தரையில வுடு, ஓடி வெளயாடட்டும்."

கருப்பையன் நிமிர்ந்தார். விட மனசில்லை. "என்ன பதினொரு வட்டி, தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சே. படி வரைக்கும் வந்து அண்ணாந்து பாத்துட்டு, உங் கடைக்கு வழி கேட்டுக்கிட்டுப் போச்சு."

கருப்பையன் இன்னும் இரண்டு வாளி இறைத்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஏன்க்கா, அந்தப் பதினொண்ணு... எந்த பேங்கு?"

"கேக்கல" என்றாள் அமுதம். "அன்னிக்குப் பட்டம் கொடுத்தியே, அந்தச் சத்தத்துல கேளு."